குவாங்சோ பயணம்: எந்தத் தேதி, எந்த வழி, எந்தப் பேட்டை?

சீனாவின் குவாங்சோவுக்கு முதல்முறை கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் விமான டிக்கெட்டில் இருந்துதான் திட்டத்தைத் தொடங்குகிறார்கள். ஐந்தாயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்க ஒரு வாரம் தேடுவார்கள். அப்புறம் அவசரமாக ஒரு ஓட்டலைப் போட்டு, மிச்சம் பிடித்ததைப் போல நான்கு மடங்கை அங்கே விட்டுவிட்டு வருவார்கள். இந்த ஊரில் செலவைத் தீர்மானிப்பவை இரண்டுதான்: எந்தத் தேதியில் போகிறீர்கள், ஊரின் எந்தப் பகுதியில் தங்குகிறீர்கள். இவை இரண்டும் முடிவான பிறகுதான் டிக்கெட் பக்கமே போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வியாபாரத்துக்காகச் சரக்கு பார்க்கப் போகிற சிறு வணிகர்களை மனதில் வைத்தே எழுதுகிறேன். சும்மா ஊர் பார்க்கப் போகிறவர்களுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும்.

கண்காட்சி நாட்களா, சாதாரண நாட்களா?

குவாங்சோ என்றாலே கேன்டன் ஃபேர் நினைவுக்கு வரும். 1957 முதல் நடக்கும் இந்த ஏற்றுமதிக் கண்காட்சி ஆண்டுக்கு இரண்டு முறை, ஏப்ரல் 15 முதல் மே 5 வரையிலும் அக்டோபர் 15 முதல் நவம்பர் 4 வரையிலும், ஐந்தைந்து நாட்களாக மூன்று கட்டங்களில் நடக்கும். முதல் கட்டத்தில் மின்னணுப் பொருட்கள், இயந்திரங்கள், விளக்குகள், இரும்புச் சாமான்கள். இரண்டாவதில் வீட்டுச் சாமான்கள், பரிசுப் பொருட்கள், கட்டடப் பொருட்கள், அறைகலன். மூன்றாவதில் பொம்மை, துணிமணி, காலணி, எழுதுபொருள் வகையறா. உங்கள் சரக்கு எந்தக் கட்டத்தில் வருகிறது என்று பார்க்காமல் தேதி போட்டால், விளக்கு வாங்கப் போனவர் பொம்மைக் கடைகளுக்கு நடுவே நிற்க வேண்டியதுதான்.

கண்காட்சியின் பலம், நாடு முழுவதும் உள்ள தொழிற்சாலைக்காரர்களை ஒரே கூரையின் கீழ் பார்க்க முடிவது. பலவீனம், அவர்கள் எதிர்பார்க்கும் அளவு. கன்டெய்னர் கணக்கில் வாங்குகிறவர்களுக்காகவே அங்கே வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். இருநூறு உருப்படி போதும் என்று சொன்னால் மரியாதையாகச் சிரித்து விசிட்டிங் கார்டு கொடுப்பார்கள், அதோடு சரி.

அந்த இருநூறு உருப்படிக்காரருக்கு ஊருக்குள் இருக்கும் மொத்தச் சந்தைகள்தான் சரியான இடம். ஹாய்ஜூ சதுக்கம், யீதெ லூ பக்கம் பொம்மை, அலங்காரப் பொருள், பரிசுப் பொருள். சுன் யாட் சென் பல்கலைக்கழகத்தை ஒட்டித் துணிச் சந்தை. குய்ஹுவாகாங் பகுதியில் தோல் பை. பழைய ரயில் நிலையத்தை ஒட்டி ஆயத்த ஆடை, கைக்கடிகாரம். பக்கத்து ஊர்களையும் சேர்த்தால் விளக்குக்கு ஜோங்ஷானில் உள்ள கூஜென், அறைகலனுக்கு ஃபோஷான். இந்தச் சந்தைகள் கண்காட்சியை நம்பி இல்லை, வருடம் முழுக்க இயங்குகின்றன. ஆகவே சிறு அளவில் வாங்குகிறவருக்குக் கண்காட்சி நாட்களில் கூடுதல் அறை வாடகை கொடுத்துத் தங்கவேண்டிய அவசியமே இல்லை.

ஆனால் புது மாடல்களைக் கண்ணால் பார்க்க வேண்டும், தொழிற்சாலைத் தொடர்பும் வேண்டும், சந்தையும் சுற்ற வேண்டும் என்றால் ஒரு நடு வழி இருக்கிறது. கட்டங்களுக்கு நடுவே மும்மூன்று நாள் இடைவெளி விடுகிறார்கள். அக்டோபரில் 19ஆம் தேதி முதல் கட்டம் முடிந்தால், 23இல்தான் அடுத்தது. 17ஆம் தேதி வந்து இறங்கி, 18 முழுவதும், 19 காலையும் கண்காட்சி. கடைசி நாள் மதியத்துக்கு மேல் கடைக்காரர்கள் பெட்டி கட்ட ஆரம்பித்துவிடுவார்கள் என்பதால் 19 மாலையை நம்பாதீர்கள். 20 முதல் 22 வரை சந்தைகள். அந்த இடைவெளியில் கூட்டம் வடிவதால் அறை வாடகையும் ஓரளவு இறங்கும்.

ஏப்ரலை விட அக்டோபரைத்தான் நான் பரிந்துரைப்பேன். ஏப்ரலில் மழையும் புழுக்கமும் சேர்ந்து ஆளை அசத்திவிடும். தவிர, வசந்தகாலக் கண்காட்சியின் மூன்றாம் கட்டம் மே 1இல் தொடங்குகிறது. அது சீனாவின் தொழிலாளர் தின விடுமுறை, ரயில், ஓட்டல் எல்லாம் நிரம்பி வழியும். அக்டோபர் நடுவில் தேசிய தின விடுமுறைக் கூட்டம் ஓய்ந்திருக்கும், வெயிலும் தணிந்திருக்கும். கண்காட்சியே வேண்டாம் என்பவருக்கு நவம்பர் இரண்டாம் வாரத்தில் இருந்து டிசம்பர் வரை அருமையான காலம். ஜூன் முதல் செப்டம்பர் வரை கடும் வெயில், புயல் வேறு.

தவிர்த்தே ஆக வேண்டியது சீனப் புத்தாண்டு. 2027இல் பிப்ரவரி 6 அன்று வருகிறது. அரசு விடுமுறை ஒரு வாரத்துக்குச் சற்று மேல்தான் என்றாலும், வெளியூர்த் தொழிலாளர்கள் முன்னதாகவே ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள், தாமதமாகத்தான் திரும்புவார்கள். மொத்தச் சந்தைகளிலும் தொழிற்சாலைகளிலும் முன்னும் பின்னுமாகச் சில வாரங்கள் வேலை ஓடாது.

எங்கே தங்குவது

கண்காட்சி வளாகம் பாசோவில் இருக்கிறது, ஹாய்ஜூ மாவட்டம். அதை ஒட்டித் தங்கினால் காலையில் நடந்தே போகலாம். அந்த வசதிக்குக் கொடுக்கும் விலைதான் அதிகம். மற்ற நாட்களில் 400 யுவானுக்குக் கிடைக்கும் அறை கண்காட்சி நாட்களில் இரண்டு மடங்கு ஆவது சாதாரணம். கண்காட்சி இல்லாத நாட்களில் அங்கே தங்கவே வேண்டாம். பெரிய கட்டடங்களும் அகல அகலமான சாலைகளும்தான், சாயங்காலம் காலாற நடந்து போய்ச் சாப்பிட நல்ல இடம் குறைவு.

ஜூஜியாங் நியூ டவுன் வானளாவிய கட்டடங்கள், பளபளப்பான கடைவீதிகள் கொண்ட பகுதி. கேன்டன் டவர் ஆற்றுக்கு அந்தப் பக்கம் தெரியும். குடும்பத்தோடு, ஊர் பார்க்க மட்டும் வருகிறவர்களுக்கு நல்லது. விலை அதற்கேற்ப இருக்கும்.

சியாவ்பெய் பகுதியை நம் வியாபாரிகள் நன்றாக அறிவார்கள். ஆப்பிரிக்க, அரபு, தெற்காசிய வணிகர்கள் புழங்கும் இடம். ஹலால் சாப்பாடு, இந்தியச் சாப்பாடு இரண்டும் பக்கத்திலேயே கிடைக்கும், சரக்கு அனுப்பும் ஏஜென்டுகளின் அலுவலகங்களும் உண்டு. சைவம் மட்டுமே சாப்பிடுகிறவருக்கும், ஹலால் தவிர வேறு தொடாதவருக்கும் முதல் பயணத்தில் இது பெரிய நிம்மதி.

என் தேர்வு பெய்ஜிங் லூ, கோங்யுவான்சியன் நிலையத்தைச் சுற்றியுள்ள பழைய நகரம். மெட்ரோவின் 1ஆம் வழியும் 2ஆம் வழியும் சந்திக்கும் இடம் அது. ஹாய்ஜூ சதுக்கத்துச் சந்தை அடுத்த நிலையத்திலேயே இருக்கிறது, தோல் சந்தைக்கும் அதே 2ஆம் வழி. பாசோவுக்கு ஒரே ஒருமுறை வண்டி மாறினால் போதும். ஆலமரம் கவிந்த சந்துகள், இரவு பத்து மணிக்கும் திறந்திருக்கும் சாப்பாட்டுக் கடைகள், நடக்கும் தூரத்தில் தா ஃபோ புத்தர் கோயில். சுமாரான ஓட்டல் அறை சாதாரண நாட்களில் 300 முதல் 400 யுவானுக்குள் கிடைக்கும். கண்காட்சி நாட்களில் இங்கேயும் ஏறும், ஆனால் பாசோ அளவுக்கு ஏறாது.

இன்னும் குறைக்க வேண்டும் என்றால் ஃபோஷானில் தங்கலாம், குவாங்சோவோடு மெட்ரோ இணைப்பு இருக்கிறது. தினமும் போக வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அறைகலன் வாங்கப் போகிறவரைத் தவிர மற்றவர்களுக்கு இது லாபமில்லை.

மிக மலிவான சிறு விடுதிகளில் ஒரு சிக்கல் உண்டு. வெளிநாட்டவர் தங்கினால் ஓட்டல்காரர் போலீஸ் பதிவு செய்ய வேண்டும். வெளிநாட்டவரை மறுக்கக்கூடாது என்று 2024இல் அரசு தெளிவாகவே சொல்லிவிட்டது. ஆனாலும் சில சிறு விடுதிகளின் வரவேற்பில் இருப்பவருக்கு அந்தப் பதிவைச் செய்யத் தெரியாது, இரவு பதினோரு மணிக்கு மூட்டை முடிச்சோடு நிற்க நேரும். முதல் பயணத்துக்கு நன்கு தெரிந்த ஓட்டல் சங்கிலிகளில் ஒன்றைப் போடுங்கள், வெளிநாட்டவர் எழுதிய மதிப்புரைகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். தெரிந்தவர் வீட்டில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் நீங்களே காவல் நிலையத்தில் பதிய வேண்டும்.

போகும் வழி

2020இல் நின்றுபோன இந்தியா-சீனா நேரடி விமானங்கள் 2025 அக்டோபர் 26 அன்று இண்டிகோவின் கொல்கத்தா-குவாங்சோ சேவையோடு மறுபடி தொடங்கின. டெல்லியில் இருந்தும் உண்டு. சென்னைக்காரருக்குக் கொல்கத்தா போய் மாறுவது ஒரு வழி, கோலாலம்பூர், சிங்கப்பூர், பாங்காக் வழியாக மாறுவது இன்னொன்று. மூன்றாவது, சென்னையில் இருந்து ஹாங்காங்குக்கு நேராகப் பறந்து, அங்கிருந்து ரயில்.

முதல் இரண்டில் முன்கூட்டி எடுத்தால் போக வர 30,000 முதல் 40,000 ரூபாய்க்குள் கிடைக்க வாய்ப்பு அதிகம். தனித்தனி டிக்கெட்டாக எடுத்து மலிவாக்குவதில் மட்டும் கவனம் தேவை. முதல் விமானம் தாமதமானால் இரண்டாவதுக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள், பெட்டியையும் நீங்களே எடுத்து மறுபடி போட வேண்டும். ஒரே டிக்கெட்டாக எடுப்பது இரண்டாயிரம் ரூபாய் கூடுதலாக இருந்தாலும் அதையே எடுங்கள். திரும்பும்போது மாதிரிச் சரக்கு கையில் இருக்கும் என்பதால், 20 கிலோவா 30 கிலோவா என்பதையும் விலையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஹாங்காங் வழி சுகமானது. வெஸ்ட் கவ்லூன் நிலையத்தில் ஹாங்காங் குடியேற்றம், சீனக் குடியேற்றம் இரண்டையும் ஒரே கட்டடத்தில் முடித்துவிட்டு ஏறினால், ஒரு மணி நேரத்தில் குவாங்சோ சௌத். ஆனால் இந்தியப் பாஸ்போர்ட்காரர் ஹாங்காங்குக்குள் போக, முன்கூட்டியே இணையத்தில் வருகைப் பதிவு செய்ய வேண்டும். கட்டணம் இல்லை. ஆறு மாதம் செல்லும், ஒருமுறைக்கு 14 நாள் வரை தங்கலாம்.

ஹாங்காங் விஷயத்தில் பலர் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று இருக்கிறது. ஹாங்காங் சீனாவின் பகுதிதான் என்றாலும் விசா கணக்கில் வெளியே. ஒருமுறை நுழைவு விசாவில் குவாங்சோவுக்கு வந்து, நடுவில் ஒருநாள் ஹாங்காங் பார்க்கப் போனால் அந்த விசா முடிந்துபோகும், திரும்ப உள்ளே வர முடியாது. போகும்போதோ, ஊர் திரும்பும்போதோ ஹாங்காங்கை வைத்துக்கொள்ளுங்கள். நடுவில்தான் வேண்டும் என்றால் இருமுறை நுழைவு விசாவாகக் கேளுங்கள்.

விசாவில் எல் வகை சுற்றுலாவுக்கு, எம் வகை வியாபாரத்துக்கு. எம் விசாவுக்குச் சீன நிறுவனத்தின் அழைப்புக் கடிதமோ கண்காட்சியின் அழைப்போ தேவை. கண்காட்சிக்குப் போகிறவர் அதன் இணையதளத்தில் பதிந்து அழைப்பை எடுத்து எம் வகையிலேயே போவது நல்லது, அங்கே வாங்கும் நுழைவு பேட்ஜை அடுத்தடுத்த முறைகளும் பயன்படுத்தலாம். சில நாடுகளுக்குத் தரும் 240 மணி நேர விசாயில்லாச் சலுகையில் இந்தியாவும் இலங்கையும் இல்லை. சிங்கப்பூர், மலேசியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் நம்மவர்களுக்கு 30 நாள் வரை விசாவே தேவையில்லை.

கையில் பணமா, செயலியா?

சந்தையில் கீரை விற்கும் பாட்டி வரைக்கும் கியூஆர் குறியீடுதான். நம் யுபிஐ அங்கே வேலை செய்யாது. அலிபே, வீசாட் என்ற சீனச் செயலிகள் இரண்டிலும் வெளிநாட்டு வீசா (Visa), மாஸ்டர்கார்டு வங்கி அட்டைகளை இணைக்கலாம். எது என்று கேட்டால் அலிபே. ஆங்கிலத்தில் இருக்கிறது, மெட்ரோ கியூஆர், டிடி டாக்சி, மொழிபெயர்ப்பு எல்லாம் அதற்குள்ளேயே இருக்கின்றன. வீசாட் தேவைப்படுவது வேறு காரணத்துக்காக. சரக்குக்காரர் ஒவ்வொருவரும் அதில்தான் பேசுவார், விலைப்பட்டியலையும் அதில்தான் அனுப்புவார். புதுக் கணக்கு திறக்க ஏற்கெனவே கணக்குள்ள ஒருவர் உறுதிசெய்ய வேண்டி வரலாம், ஆகவே ஊரிலேயே திறந்துவிடுங்கள்.

ஒருமுறை செலுத்தும் தொகை 200 யுவானைத் தாண்டினால் வெளிநாட்டு அட்டைக்கு 3 சதவீதம் கட்டணம் உண்டு. அதற்குள் என்றால் இல்லை. சாப்பாடு, மெட்ரோ, டாக்சி எல்லாம் அந்த வரம்புக்குள் அடங்கிவிடும். இடிப்பது ஓட்டல் வாடகைதான். 2,100 யுவானை அலிபே வழியாகக் கட்டினால் 63 யுவான் கூடுதல். ஆகவே அறைக்கு முன்பதிவுத் தளத்திலேயே அட்டையில் கட்டிவிட்டு, சில்லறைச் செலவுக்கு மட்டும் அலிபே என்று பிரித்துக்கொள்ளுங்கள். இதற்கு மேல் உங்கள் வங்கியின் அந்நியச் செலாவணிக் கட்டணம் தனி. அது அட்டைக்கு அட்டை மாறும், குறைவாக உள்ள அட்டையைத் தேர்ந்தெடுங்கள். ப்ரீபெய்டு ஃபாரெக்ஸ் அட்டைகளில் சில அலிபேயில் சேர மறுக்கின்றன. ஊரிலேயே சேர்த்துப் பார்த்துவிட வேண்டும்.

இரண்டு வெவ்வேறு வங்கிகளின் அட்டைகளைச் சேர்த்து, வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கிச் செயலியில் திறந்துவிடுங்கள். ஓடிபி வருவது இந்திய எண்ணுக்கு. அதனால் ரோமிங் இல்லாமல் சிம்மைக் கழற்றிப் பெட்டியில் போட்டுவிட்டால் பணம் கட்டும்போது தவிப்பீர்கள். இதோடு 1,000 யுவான் ரொக்கம் கட்டாயம். சில ஓட்டல்களில் முன்பணம் கேட்பார்கள், போன் சார்ஜ் தீரும், ஏதாவது ஒரு சமயம் வங்கி பரிவர்த்தனையை நிறுத்தும். நோட்டுகளைச் சிறியதாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள், பெட்டிக்கடைக்காரரிடம் 100 யுவானுக்குச் சில்லறை இருக்காது.

இணையம்

கூகுள், வாட்ஸ்அப், யூடியூப், ஃபேஸ்புக் எதுவும் உள்ளூர் சிம்மிலோ ஓட்டல் வைஃபையிலோ திறக்காது. இந்திய எண்ணின் ரோமிங்கிலோ, வெளிநாட்டுப் பயண இ-சிம்மிலோ போனால் திறக்கும், ஏனென்றால் அந்தத் தரவு நாட்டுக்கு வெளியே உள்ள வலையமைப்பு வழியாகப் போகிறது. ஒரு வாரப் பயணத்துக்குப் பயண இ-சிம்தான் மலிவும் எளிதும். கிளம்பும் முன்பே போனில் ஏற்றிவிடுங்கள். மாதக்கணக்கில் தங்குகிறவருக்கும், சீன எண் கேட்கும் சேவைகள் தேவைப்படுகிறவருக்கும் மட்டும் உள்ளூர் சிம்.

வரைபடத்துக்குக் கூகுளை நம்பாதீர்கள். சீனாவின் வரைபட ஆயத்தொலை முறை வேறு என்பதால் புள்ளி சில நூறு மீட்டர் தள்ளி விழும். ஏமேப் என்ற சீன வரைபடச் செயலியின் ஆங்கிலப் பதிப்பு நன்றாக இருக்கிறது, ஐபோன்காரர்களுக்கு அதிலேயே உள்ள வரைபடம் போதும்.

கணக்கு

ஒரு ஆளுக்கு ஆறு இரவு, ஏழு பகல், பழைய நகரத்தில், சாதாரண நாட்களில். அறை 350 வீதம் 2,100. சாப்பாடு நாளுக்கு 120 வீதம் 840. மெட்ரோ, டாக்சி 50 வீதம் 350. நுழைவுச் சீட்டுகள் 250. கைச்செலவு 460. மொத்தம் 4,000 யுவான். ஒரு யுவானுக்கு 13 ரூபாய் என்று வைத்தால் 52,000 ரூபாய். அதே ஆள் கண்காட்சி நாட்களில் பாசோவில் 800 யுவான் அறையில் தங்கினால் 6,700 யுவான், அதாவது 87,100 ரூபாய். கண்காட்சி நாட்களிலேயே பழைய நகரத்தில் 500 யுவான் அறை என்றால் 4,900 யுவான், 63,700 ரூபாய். மெட்ரோவில் காலையும் மாலையும் கொஞ்ச நேரம் நிற்பதற்கு 23,400 ரூபாய் மிச்சம். டிக்கெட்டில் இந்த அளவு மிச்சம் பிடிக்கவே முடியாது. இரண்டு பேர் அறையைப் பகிர்ந்தால் சாதாரண நாட்களில் ஆளுக்கு 2,950 யுவான்தான், 38,350 ரூபாய்.

மெட்ரோவில் முதல் 4 கிலோமீட்டருக்கு 2 யுவான். விமான நிலையத்தில் இருந்து ஊருக்குள் 10 யுவானுக்குள் வந்துவிடலாம், டாக்சி என்றால் 120 யுவானுக்கு மேல். இரவு மெட்ரோ ஓடாத நேரத்தில் இறங்கும் விமானம் மலிவாகத் தெரிந்தால் இதையும் கூட்டிப் பாருங்கள்.

சாப்பாட்டில் 120 யுவான் என்பது அசைவம் சாப்பிடுகிறவருக்குத் தாராளம். நூடுல்ஸ், சோற்றுத் தட்டு எல்லாம் 20, 30 யுவானில் முடியும். ஒருநாள் காலையாவது தேநீர்க் கடையில் உட்கார்ந்து டிம் சம் எனும் சிறு பலகாரங்களைச் சாப்பிடுங்கள். உட்கார்ந்ததும் சூடான தேநீர் வரும். பக்கத்து மேசையில் இருப்பவர்கள் முதல் தேநீரைக் குடிக்காமல் கிண்ணத்தில் ஊற்றி, கோப்பையையும் குச்சிகளையும் அதில் அலசி, பெரிய பாத்திரத்தில் கொட்டுவார்கள். நீங்களும் அப்படியே செய்யலாம். யாராவது உங்களுக்குத் தேநீர் ஊற்றினால் இரண்டு விரலால் மேசையில் லேசாகத் தட்டுங்கள், அதுதான் நன்றி. தேநீருக்கு ஆளுக்கு இவ்வளவு என்று பில்லில் சேரும்.

சுத்த சைவம் என்றால் நாளுக்கு 150 யுவான் வைத்துக்கொள்ளுங்கள். கீரையைக்கூட சிப்பிச் சாற்றில் புரட்டிக் கொடுப்பார்கள், சூப் பெரும்பாலும் எலும்பில் காய்ச்சியது. இறைச்சி, மீன், முட்டை, எலும்புச் சாறு, சிப்பிச் சாறு, பன்றிக்கொழுப்பு வேண்டாம் என்று சீனத்தில் மொழிபெயர்த்து, படமாகப் போனில் வைத்துக் காட்டுங்கள். புத்தர் கோயில்களை ஒட்டிய சைவ உணவகங்கள் நம்பகமானவை. மற்ற நாட்களுக்கு இந்திய உணவகம், ஒருவேளைக்கு 60 முதல் 100 யுவான். பெரும்பாலான ஓட்டல் அறைகளில் கெட்டில் இருக்கும், ஆகவே வெந்நீர் ஊற்றினால் தயாராகும் உப்புமா, அவல் பாக்கெட்டுகள் கைகொடுக்கும்.

பெட்டியில் வைக்க வேண்டியவற்றில் இரண்டைச் சொல்லிவிடுகிறேன். நம் உருண்டை முள் பிளக் அங்கே சேராது, தட்டை முள் அடாப்டர் இரண்டு வேண்டும். அப்புறம் பவர் பேங்க். 2025 ஜூன் 28 முதல் சீன உள்நாட்டு விமானங்களில் 3சி முத்திரை (சீனாவின் கட்டாயத் தரச் சான்று) இல்லாத பவர் பேங்கை அனுமதிப்பதில்லை, நம் ஊரில் வாங்கியவற்றில் பலவற்றில் அந்த முத்திரை இருக்காது. குவாங்சோவில் இருந்து ஈவு (Yiwu), ஷாங்காய் போன்ற ஊர்களுக்கு உள்நாட்டு விமானத்தில் போகும் திட்டம் இருந்தால், அங்கே போனதும் முத்திரை உள்ள ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள், அல்லது அந்தப் பயணத்தை அதிவேக ரயிலுக்கு மாற்றுங்கள். ரயில் சீட்டு பாஸ்போர்ட் எண்ணில்தான் பதிவாகும், தனியாகக் காகிதச் சீட்டு கிடையாது. தானியங்கி வாசலில் பாஸ்போர்ட் ஏறாவிட்டால் ஓரத்தில் ஊழியர் நிற்கும் வரிசைக்குப் போய்க் காட்டினால் உள்ளே விட்டுவிடுவார்கள்.